கீசர் புகைக்குழாயை மாற்றிக் கொடுத்த ராமநாதபுரம் மெக்கானிக்: ஒரு வாடைக்காலம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

போன ஐப்பசியில் செய்த வேலைக்கு இந்த மாசியில்தான் விமர்சனம் எழுதுகிறேன். வேண்டுமென்றே காத்திருந்தேன். ராமேஸ்வரத்தில் எந்தக் குழாயும் எந்த ஸ்க்ரூவும் ஒரு வாடைக்காற்றைப் பார்க்காமல் நல்லது என்று சொல்ல முடியாது. மார்கழி, தை இரண்டும் போய்விட்டன. தை அமாவாசைக் கூட்டமும் வந்து போய்விட்டது. குழாய் அசையவில்லை, கறுக்கவில்லை, அலாரம் ஒரு முறைகூட அடிக்கவில்லை. இனி தைரியமாகச் சொல்லலாம்.

எங்கள் வீடு சங்குமால் பக்கம். கீழே நானும் அம்மாவும் இருக்கிறோம். மாடியில் நாலு அறைகள், யாத்ரீகர்களுக்கு விடுகிறோம். வருகிறவர்கள் விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். பாதிப் பேர் வயசானவர்கள். அந்த நேரத்தில் வெந்நீர் இல்லை என்று சொல்ல மனசு வராது. கரன்ட் கீசர் நாலு வருஷத்தில் மூன்று ராடு மாற்றியாயிற்று. எங்கள் போர் தண்ணீர் உப்பு, ராடு மேல் சுண்ணாம்பு மாதிரி படிந்து வெடித்துவிடும். அதனால் ஆடி அமாவாசைக்கு முன்னால் கேஸ் கீசர் ஒன்று வாங்கினோம். ஃபேன் வைத்த மாடல், புகையைத் தள்ளி வெளியே அனுப்புவது. சிலிண்டர் 19 கிலோ கமர்ஷியல்.

கீசரை வெளிச்சுவரில் மாட்டினால் உப்புக்காற்றில் ஒரே வருஷத்தில் பெட்டி பொத்துப்போகும் என்று, மாடியில் இரண்டு குளியலறைக்கும் நடுவில் இருக்கும் சின்ன லாபியில் மாட்டச் சொன்னேன். பெட்டியோடு வந்த ஸ்டீல் புகைக்குழாய் ரெண்டடிதான் இருந்தது. வெளிச்சுவர் எட்டடி தள்ளி. மாட்ட வந்த பிளம்பர் தம்பி வண்டியில் இருந்து சாம்பல் நிற பிவிசி பைப் எடுத்து வந்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவோமே, அதுதான். 63 எம்எம். கீசரின் வாய் 60 எம்எம். தேடித் தேடிச் செய்த மாதிரி அப்படியே கழுத்தில் போய் உட்கார்ந்தது. மேலே எம்-சீல் அப்பி, லாபியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாயைக் கொண்டுபோய், வடக்குச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டார். கீழே இருந்து பார்த்தால் ஒரு குழாயும் தெரியாது. எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அதே மாதிரி பிவிசி இருந்தால், படித்து முடித்த கையோடு போய்க் கீசரை அணைத்துவிடுங்கள்.

புரட்டாசி சனிக்கிழமை அம்மா விரதம். அன்று மாடியில் ஆள் இல்லாததால் மேலேயே வெந்நீரில் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனார். இறங்கி வரும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “தலை சுத்துதுடி, நெத்தி விண்ணு விண்ணுங்குது, குமட்டுது” என்றார். வெறும் வயிற்றில் வெந்நீர் ஊற்றியதால் வந்த மயக்கம் என்று நானே முடிவு செய்து, நீர்மோர் கொடுத்துத் திண்ணையில் காற்றாட உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதேதான். இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அம்மா முப்பது வருஷமாகப் புரட்டாசி விரதம் இருக்கிறார், ஒரு நாளும் தலை சுற்றியதில்லை.

அன்று ராத்திரி என் கூடப்பிறந்த தம்பி கனடாவில் இருந்து வீடியோ காலில் வந்தான். அவன் பிராம்ப்டனில் ஃபர்னஸ் மாட்டுகிற வேலையில் இருக்கிறான். ஃபர்னஸ் என்றால் அங்கே வீட்டின் அடித்தளத்தில் நிற்கிற பீரோ அளவு மெஷின். கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பும். வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது அது நின்றால் வீட்டில் குழாய்த் தண்ணீரே உறைந்துபோகும். ஒன்டாரியோவில் இந்த வேலைக்கு லைசென்ஸ் இல்லாமல் கை வைக்கக் கூடாது, அவனிடம் ஜி2 லைசென்ஸ் இருக்கிறது.

அம்மாவுக்கு மயக்கம் என்றதும் அவன் முதலில் கேட்டது காய்ச்சல் இருக்கிறதா என்று. இல்லை. வெளியே வந்ததும் சரியாகிவிட்டதா என்று கேட்டான். ஆமாம். “அக்கா, போனைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போ. கீசரைக் காட்டு” என்றான். காட்டினேன். குழாய் தெரியவில்லை என்றான். சீலிங் பலகை ஒன்றைத் தள்ளச் சொன்னான். ஸ்டூல் போட்டு ஏறி, பலகையை நகர்த்தி, டார்ச் அடித்தேன்.

அந்தக் குழாயை நான் மறக்கமாட்டேன். கீசரின் கழுத்தை விட்டு ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. சுண்டு விரல் உள்ளே போகும் அளவு இடைவெளி. முதல் ஒரு முழத்துக்குச் சாம்பல் நிறம் போய்ப் பழுப்பாகி, தோல் சுருங்கிய மாதிரி இருந்தது. நடுவில் தொட்டில் போலத் தொய்ந்து, அந்தக் குழிவில் தண்ணீர் தேங்கிக் குழாய்ச் சுவர் வழியாக நிழலாகத் தெரிந்தது. எம்-சீல் கட்டி தனியாகப் பலகை மேல் கிடந்தது.

“அக்கா, கீசர் வால்வையும் சிலிண்டரையும் மூடு. ஜன்னலைத் திற. அந்தக் குழாயைக் கழட்டுற வரைக்கும் யாருக்கும் அங்க வெந்நீர் கிடையாது.” அவன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

நான் அவனிடம் ஒன்று கேட்டேன். நீ அனுப்புகிற போட்டோவில் எல்லாம் வீட்டுச் சுவரில் இருந்து வெள்ளை பிளாஸ்டிக் குழாய்தானே நீட்டிக்கொண்டு இருக்கிறது, அதுவும் புகைக்குழாய் என்றுதானே சொன்னாய், அங்கே சரியாக இருப்பது இங்கே எப்படித் தப்பாகும் என்று. உண்மையில் பிளம்பர் தம்பி பிவிசி எடுத்தபோது நான் தடுக்காததற்குக் காரணமே அந்தப் போட்டோக்கள்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. அவன் இப்போது மாட்டுகிற ஃபர்னஸ் புகையில் இருக்கும் சூட்டை இரண்டு முறை பிழிந்து எடுக்கும். இரண்டாவது முறையில் புகைக்குள் இருக்கும் நீராவியே குளிர்ந்து தண்ணீராகிவிடும். கேஸின் சூட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுவதால், வெளியே போகிற புகை கையை வைத்தால் வெந்நீர் ஆவி அளவுக்குத்தான் இருக்கும், ஐம்பது டிகிரி பக்கம். அதனால்தான் பிளாஸ்டிக் தாங்குகிறது. இன்னும் சொல்லப்போனால் அங்கே இரும்பு போடக் கூடாது, அந்தத் தண்ணீர் அமிலம், சாதா இரும்பைத் தின்றுவிடும். அங்கேயும் பழைய மாடல் ஃபர்னஸ் இருக்கிறது, அது புகையைச் சூடாகவே வெளியே விடும். அதற்குத் தகரக் குழாய்தான், பிளாஸ்டிக் வைத்தால் லைசென்ஸே போய்விடும்.

நம் ஊர்க் கீசர் புகையின் சூட்டை ஒரு முறைதான் எடுக்கும். புகை நூறு டிகிரிக்கு மேல் சூட்டோடு வெளியே வரும். பிவிசி அறுபதைத் தாண்டினாலே பலம் குறையும், எண்பதுக்குப் பக்கத்தில் மெழுகு மாதிரி இளகிவிடும். “குழாயைப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுக்கா, புகையோட சூட்டைப் பாத்துத்தான் குழாயை எடுக்கணும்” என்றான்.

அங்கேகூடக் கடையில் கிடைக்கிற எந்த வெள்ளைக் குழாயையும் எடுத்துவிட முடியாதாம். கனடாவில் யுஎல்சி எஸ்636 என்ற தரக் குறியீடு குழாய் மேலேயே அச்சடித்திருக்க வேண்டும். பிவிசியில் ஒரு ரகம் 65 டிகிரி வரைக்கும், கூடுதல் சூடு தாங்கும் சிபிவிசியில் ஒரு ரகம் 90 டிகிரி வரைக்கும் தாங்கும். பிரைமர், பசை, குழாய், எல்போ எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும், கலந்து போடக் கூடாது. பசை தடவிச் சொருகும்போது கால் சுற்றுத் திருப்பி அரை நிமிஷம் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தானாக வெளியே தள்ளிவிடும். மெஷினில் இருந்து முதல் மூன்றடிக் குழாய் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், பலகைக்குப் பின்னால் மறைக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் என் ஃபால்ஸ் சீலிங்கைத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

கார்பன் மோனாக்சைடு பற்றியும் சொன்னான். கேஸ் சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும், அதற்கென்றே நாற்றம் சேர்த்துத்தான் விற்கிறார்கள். எரிந்த கேஸில் வருகிற இந்த விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்போடு போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், அதற்கு மேல் மயக்கம். குளியலறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மயங்கினால் யாருக்குத் தெரியும். அதற்கு முந்திய வாரம் ரெண்டாம் நம்பர் அறையில் ஒரு கைக்குழந்தையோடு தங்கியிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் அவர்களுக்குப் போன் செய்து குழந்தை நன்றாக இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் காபி குடித்தேன்.

இனி மெக்கானிக் அண்ணனுக்கு வருகிறேன். ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் கடை. அடுப்பு, கீசர், ஹோட்டல் பர்னர் எல்லாம் பார்ப்பார். ஒரே ஆள், ஒரு பையன் கூட இருக்கிறான். பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், வருகிற வேலையையே முடிக்க முடியவில்லையாம். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து, மாடி ஏறியதும் பையைக் கூடக் கீழே வைக்காமல் லாபியின் நாலு சுவரையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “ஏம்மா, இங்க வாடை எந்தச் சுவத்துல அடிக்கும்?”

அந்த ஒரு கேள்விக்கே நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இந்தத் தீவில் ஆடியில் கச்சான் தென்மேற்கில் இருந்து அடிக்கும், ஐப்பசி முடிந்தால் வாடை வடகிழக்கில் இருந்து கிளம்பும். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட காற்று புகைக்குழாயின் வாயில் நேராக அடித்தால், கீசருக்குள் இருக்கும் கையகல ஃபேன் என்ன செய்யும்? புகை திரும்பி வீட்டுக்குள்தான் வரும். பழைய குழாய் வடக்குச் சுவரில், கடலைப் பார்த்து. “வாடை பொறந்ததுக்கு அப்புறம் கூப்பிட்டிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்னே சொல்ல முடியாதும்மா” என்றார். எங்கள் வீட்டில் கச்சானும் வாடையும் இரண்டுமே நேராகப் படாத சுவர் தென்கிழக்குச் சுவர்தான். அங்கே ஜன்னல் நாலடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. கீழே நாங்கள் துணி காயப்போடுகிற திறந்த இடம், பக்கத்து வீடு தூரம். கீசரைக் கழற்றி அந்தச் சுவரோரமாக நகர்த்தினார். எட்டடி போகவேண்டிய குழாய் மூன்றடியாகிவிட்டது, வளைவு ஒன்றே ஒன்று. குழாய் நீளம் கூடக் கூட, வளைவு கூடக் கூட ஃபேன் திணறும் என்றார்.

பழைய குழாயைக் கழற்றியபோது அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கீசர்ப் பக்கத்து வாய் வட்டமாகவே இல்லை, நீள்வட்டமாக நசுங்கியிருந்தது. உள்ளே கரி. தேங்கியிருந்த தண்ணீரைக் கவிழ்த்தார், தேநீர் நிறத்தில் ஒரு டம்ளர் வந்தது.

அவர் செய்த இன்னொன்று எனக்கு இன்னும் ஆச்சரியம். குழாய் இல்லாமலே, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, கீசரை ஒரு நிமிஷம் ஓடவிட்டு வாயில் கம்பி மாதிரி ஒரு தெர்மாமீட்டரைக் காட்டினார். 162 காட்டியது. என்னைக் கூப்பிட்டு அந்த எண்ணைப் படிக்கச் சொன்னார். “நான் சொன்னா நம்ப வேண்டாம், நீங்களே பாத்துக்கங்க” என்றார். தம்பி கனடாவில் இருந்து சொன்னது என் கண் முன்னால் எண்ணாக நின்றது.

புதுக் குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 316 கிரேடு. சாதாரணமாகப் போடுவது 304. கடலோரத்தில் 304-லும் பொட்டுப் பொட்டாகத் துரு விழும், 316-ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும் என்றார். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதால் மதுரையில் வாங்கிய பில்லைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். வளைவை ஆர்கான் வெல்டிங் செய்து வந்திருந்தார், வெளியே வாயில் மழை உள்ளே விழாத மாதிரி டி வடிவத்தில் ஒரு தொப்பி. சுவரில் குழாயை நேராகப் பூசிவிடவில்லை. அதைவிடப் பெரிய குழாய் ஒன்றைச் சுவரில் பதித்து, நடுவில் இதை விட்டு, இடைவெளியில் கிளாஸ் வுல் என்கிற கண்ணாடிப் பஞ்சை அடைத்தார். பக்கத்தில் இருந்த பனங்கட்டை உத்தரத்துக்கும் குழாய்க்கும் ஒரு சாணுக்கு மேல் இடம் விட்டார். கீசர்க் கழுத்தில் எம்-சீல் இல்லை, கிளாம்ப் போட்டு, சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கான்.

சரிவு விஷயத்தில் மட்டும் ஒரு வாக்குவாதம். தம்பியை வீடியோவில் போட்டிருந்தேன். குழாய் மெஷினைப் பார்த்துச் சரிய வேண்டும், ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் என்றான். அண்ணன் தலையை ஆட்டி, வெளியே பார்த்துத்தான் சரியணும் என்றார். இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். தம்பி மாட்டும் ஃபர்னஸில் புகை குளிர்ந்து லிட்டர் கணக்கில் தண்ணீராகும், அதைப் பிடித்து வடிகாலுக்கு அனுப்ப மெஷினுக்குள்ளேயே வழி இருக்கிறது. அதனால் உள்நோக்கிச் சரிவு. எங்கள் கீசரில் அந்த வடிகால் கிடையாது. தண்ணீர் உள்ளே திரும்பினால் பர்னர் மேல்தான் சொட்டும், அதனால் வெளிநோக்கிச் சரிவு. எது எப்படி இருந்தாலும் நடுவில் தொய்வு மட்டும் இருக்கக் கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒன்று. தம்பி போனை வைக்கும்போது, “அண்ணே, அக்காவையும் அம்மாவையும் உங்களை நம்பித்தான் விட்டிருக்கேன்” என்றான். அண்ணன் பதில் சொல்லவில்லை, லெவல் பலகையை எடுத்து இன்னொரு தடவை குழாய் மேல் வைத்துப் பார்த்தார்.

எல்லாம் மாட்டியபின் ஊதுபத்தி கேட்டார். பூஜைக்கு என்று நினைத்தேன். கீசரை ஓடவிட்டு, பத்திப் புகையை ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் மெதுவாகக் கொண்டுபோனார். புகை நேராக ஏறினால் சரி. எங்கேயாவது குழாயை விட்டு விலகி ஒதுங்கினால் உள்ளே இருந்து காற்று கசிகிறது என்று அர்த்தம். கழுத்தில் ஒரு இடத்தில் லேசாக ஒதுங்கியது, கிளாம்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். பிறகு குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னார். போட்டதும் பத்திப் புகை லாபியில் இருந்து குளியலறைக் கதவிடுக்கை நோக்கி ஆறு மாதிரி ஓடியது. அப்போதுதான் அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. பிளந்த குழாயில் இருந்து லாபிக்கு வந்த புகையை, அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அம்மா குளித்துக்கொண்டிருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. காற்று நல்லா வரட்டும் என்று நான்தான் தினமும் அதைப் போட்டுவிடுவேன்.

அதற்கும் வழி செய்துவிட்டுத்தான் போனார். லாபியின் கண்ணாடி ஜன்னலில் இரண்டு இடத்தில் கண்ணாடியை எடுத்துவிட்டு மூட முடியாத லூவர் (காற்று போகிற சாய்வுப் பட்டைகள்) வைத்தார், மேலே ஒன்று, தரையோரமாக ஒன்று. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தவழும், அதற்குக் கீழ் லூவர். ஃபேன் இழுக்கும் காற்றும் கீசர் எரியத் தேவையான காற்றும் இனி வெளியில் இருந்து வரும். ஃபால்ஸ் சீலிங்கை முழுவதும் எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது மூன்றடிக் குழாயும் தலைக்கு மேலே பளிச்சென்று தெரிகிறது. காலையில் பெருக்கும்போது நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிலிண்டர் ஹோஸின் தேதியையும் பார்த்தார், ஆரஞ்சு சுரக்ஷா ஹோஸ், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எங்களுடையது ஆறு வருஷம். மாற்றினார்.

அலாரம் பற்றி ஒரு வார்த்தை. நான் முதலில் கடையில் வாங்கி வைத்திருந்தது கேஸ் கசிவு அலாரம். அதைப் பார்த்துவிட்டு இது சிலிண்டர் கசிவுக்கு மட்டும்தான், புகை விஷத்துக்கு அடிக்காது என்றார். இரண்டும் வேறு வேறு. கசிவு அலாரம் தரையோரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆள் மூச்சு விடும் உயரம். தம்பி சொல்லி அதை ஆன்லைனில் வாங்கினேன். காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்து அடிக்கும், 300 இருந்தால் மூன்று நிமிஷத்துக்குள் அடிக்கும். லாபியில் ஒன்று, இரண்டு குளியலறையும் ஒட்டிய அறைகளில் ஒவ்வொன்று. அறைக்கு வருகிறவர்களிடம் சாவி கொடுக்கும்போதே, இது அடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

செலவு: குழாய், வளைவு, தொப்பி, கிளாம்ப் எல்லாம் 5,400. கூலி 1,800, பஸ் செலவு தனியாக வாங்கவில்லை. லூவர் கார்பென்டருக்கு 1,200. மூன்று அலாரம் ஒன்று 2,300 வீதம். கீசரே 7,500-க்குத்தான் வாங்கினேன், குழாய்க்கு இவ்வளவா என்று அம்மா முதலில் முணுமுணுத்தார். குழாய் இல்லாவிட்டால் அந்தக் கீசர் வெறும் விஷப்பெட்டி என்று நான் சொன்னதும் எதுவும் பேசவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார், அந்த இரண்டு நாளும் யாத்ரீகர்களுக்கு அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். வாரன்டி என்று காகிதம் எதுவும் கிடையாது, நோட்டில் கிழித்த சீட்டில்தான் பில். வேலை நடக்கும்போது லாபி முழுக்கச் சுவர்த் தூசி, கூட்டுவது நம் வேலை. இதெல்லாம் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள். ஆனால் இதில் எதற்காகவும் ஒரு நட்சத்திரம் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

மார்கழி மூன்றாம் வாரத்தில் வாடை ரொம்பக் கடுமையாக இருந்த நாளில் அவரே போன் செய்தார். கீசர் ஜுவாலை நீலமாக எரிகிறதா, மஞ்சள் தட்டுகிறதா, வெளித் தொப்பியில் கரி படிந்திருக்கிறதா என்று மூன்றே கேள்வி. நீலம்தான், கரி இல்லை. வெளித் தொப்பியில் குளவி கூடு கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னார். போன வாரம் பார்த்தேன், விளிம்பில் மண் குளவி ஒன்று ஆரம்பித்திருந்தது, குச்சியால் எடுத்துவிட்டேன். உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, ஈரத்துணியால் துடைத்ததும் ஸ்டீல் பளபளவென்று வந்துவிட்டது.

அம்மா இப்போது மாடியிலேயே குளிக்கிறார். நான் இன்னும் வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைக்குப் போவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், அப்புறம் அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால், கீசர் மாடல் நம்பரையும் கழற்றிய குழாயின் கீசர்ப் பக்கத்துத் துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தச் சுவரில் எந்தக் காற்று அடிக்கும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்.